இரட்டைப் பிளவுக் கணக்கில் பட்டை அகலம் ஏன் தவறாக வருகிறது?

அருகருகே உள்ள இரு மெல்லிய பிளவுகள் வழியே ஒளி போனால் திரையில் பொலிவும் இருளுமாகப் பட்டைகள் விழும்; அடுத்தடுத்த இரு பொலிவுப் பட்டைகளின் நடுவுகளுக்கு இடையிலான தொலைவுதான் பட்டை அகலம். பிளவுகளுக்கு இடையே 0.3 மி.மீ., திரை 1.5 மீட்டர் தள்ளி, ஒளியின் அலைநீளம் 6000 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் 10⁻¹⁰ மீட்டர்). பட்டை அகலம் 0.000003 மீட்டர் என்று வருகிறது, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூத்திரம் சரிதான். 0.3-ஐ மீட்டராக்காமல் அப்படியே போட்டுவிட்டீர்கள். அலைநீளத்தைத் திரைத் தொலைவால் பெருக்கி, பிளவு இடைவெளியால் வகுக்க வேண்டும்: 6 × 10⁻⁷ × 1.5 ÷ (3 × 10⁻⁴) = 3 × 10⁻³ மீட்டர், அதாவது 3 மி.மீ. உங்கள் விடைப்படி ஒரே மில்லிமீட்டருக்குள் முந்நூறுக்கு மேல் பட்டைகள் இருக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு பொலிவுப் பட்டையிலிருந்து அடுத்ததற்குப் போனால் பாதை வேறுபாடு, அதாவது இரு பிளவுகளிலிருந்தும் ஒளி அங்கே வந்து சேரும் தூரங்களின் வேறுபாடு, ஓர் அலைநீளம் கூடும். பிளவுகள் நெருங்க நெருங்க, அந்த ஓர் அலைநீளத்தைப் பெறத் திரையில் அதிக தூரம் விலக வேண்டியிருக்கிறது. பிளவு இடைவெளி வகுத்தியில் நிற்பது இதனால்தான்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டில் ஒருநாள் இரவு மின்சாரம் போனபோது, பிளஸ் டூ படிக்கும் அக்கா மகளுக்கு இதைச் செய்தே காட்டினேன். கண்ணாடித் துண்டில் கற்பூரப் புகையைப் பிடித்துக் கரியேற்றி, சவர பிளேடு இரண்டை ஒட்டிப் பிடித்து ஒரே இழுப்பில் இரு கோடுகள் கீறினோம். நான்காவது முயற்சியில்தான் கோடுகள் சுத்தமாக விழுந்தன, விரலெல்லாம் கரி. சாவிக்கொத்து லேசர் விளக்கை அதன் வழியே 3 மீட்டர் தள்ளியிருந்த சுவரில் அடித்தோம். (லேசரைக் கண்ணுக்கு நேரே காட்டாதீர்கள்.) சிவப்புப் பட்டைகள் ஐந்து தெளிவாகத் தெரிந்தன. முதல் பட்டையின் நடுவிலிருந்து ஐந்தாவதன் நடுவரை 7.6 செ.மீ.

"ஐந்தால் வகுக்கட்டுமா, மாமா?"

"திண்ணையில் ஐந்து தூண் இருந்தால் இடைவெளி எத்தனை?"

"நாலு" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நான்கால் வகுத்தால் 1.9 செ.மீ. லேசரின் மேலொட்டில் 650 நானோமீட்டர் என்று போட்டிருந்தது. கணக்கைத் திருப்பிப் போட்டால், 6.5 × 10⁻⁷ × 3 ÷ 0.019, பிளவு இடைவெளி சுமார் 0.10 மி.மீ. என்று வந்தது.

ஒட்டிப் பிடித்த பிளேடுகளின் விளிம்புகளுக்கு இடையே இருப்பது ஒரு பிளேடின் தடிமன்தானே. மறுநாள் பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியில் அந்தப் பிளேடை அளந்து குறித்துக்கொண்டு வந்தாள்: 0.10 மி.மீ.