பிளீஸ் துணி: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கிளிநொச்சியில் இருபது வருடமாகத் தைக்கிறேன். மார்கழிப் பனி தொடங்கியதும் வெட்டுத்துண்டுக் கடையில் நிறுத்து வாங்கிய பிளீஸ் துணியோடு பலர் வருகிறார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொட்டால் ஆட்டு மயிர் போல இருந்தாலும் இது பொலியெஸ்டர். அயனோ நெருப்போ, எந்தச் சூடும் இதற்கு ஆகவே ஆகாது. கேட்டவர்களை ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறேன்.

பரந்தன்: நல்ல துணியை எப்படித் தெரிவது அக்கா?

ஒரே இடத்தில் உள்ளங்கையால் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மயிர் உருண்டு பொட்டுப் பொட்டாக எழும்பினால் அதை வைத்துவிட்டு வாருங்கள். பிறகு அகலப்பாட்டுக்கு இழுத்து விடுங்கள். திரும்பி வராமல் தளர்ந்து நின்றால், தைத்த சட்டை முழங்கையில் தொங்கும். சதுர மீற்றருக்கு 100 கிராம் மெல்லியது, 200 நடுத்தரம், 300 தடிப்பு. எங்கள் பக்கத்துக்கு 200 தாராளம். 300 நுவரெலியா போகிறவர்களுக்கு.

முழங்காவில்: நல்ல பக்கம் எது?

வெட்டிய ஓரத்தை அகலப்பாட்டுக்கு இழுங்கள். சுருளுகிற பக்கம் உள்பக்கம்.

ஒட்டுசுட்டான்: மிதி மெசினில் தையல் விட்டு விட்டு விழுகிறது.

ஊசியை மாற்றுங்கள் தங்கச்சி. நுனி உருண்ட 14ஆம் இலக்க ஊசி போடுங்கள். கூரான ஊசி பின்னலைக் குத்திக் கிழிக்கும். தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீற்றர் இருக்கட்டும், துணியை அழுத்திப் பிடிக்கிற மெசின் பாதத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள், பொலியெஸ்டர் நூலைப் பாவியுங்கள். குண்டூசி இந்த மயிருக்குள் மறைந்துவிடும்; உடுப்புக் காயப்போடுகிற கிளிப் நல்லது. முக்கியமாக, தடவினால் மயிர் படிகிற திசை எல்லாத் துண்டிலும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் வெயிலில் இரண்டு நிறமாகத் தெரியும்.

மல்லாவி: தைத்து முடித்து அயன் பண்ணலாமா?

வேண்டாம். இதுவும் ஒரு பிளாஸ்டிக்தான்; பழைய பிளாஸ்டிக் போத்தலை உருக்கியும் இந்த நூலை இழுக்கிறார்கள். பட்டகோனியா என்ற அமெரிக்க உடுப்புக் கம்பனி 1993இலிருந்து அப்படிச் செய்கிறது. சூடு பட்டால் மயிர் நசுங்கிப் பளபளவென்று ஆகிவிடும், பிறகு எழும்பாது. தையலை விரலால் விரித்து அழுத்தினால் போதும்.

துணுக்காய்: இரவில் யானைக் காவலுக்கு வயலுக்குப் போகிறவருக்கு ஜக்கெட் தைக்கலாமா?

தைக்கலாம், ஆனால் இதைக் கவனமாக வாசியுங்கள். பிளீஸ் தண்ணீரை அதிகம் குடிக்காது, பனியில் நனைந்தாலும் கெதியில் காயும். காற்றைத்தான் தடுக்காது. மேலே தடித்த கொட்டன் சட்டை ஒன்று வேண்டும். அந்த மேல்சட்டை இன்னொன்றுக்கும் வேண்டும்: காவல் கொட்டிலில் நெருப்பு எரியும். என் கணவரின் ஜக்கெட்டில் ஒரு தணல்பொறி விழுந்தது. பட்ட இடம் சாம்பலாகவில்லை. உருகி, மிளகு அளவில் கறுத்த கட்டியாக இறுகிப்போனது. அது தோலில் ஒட்டியிருந்தால் தோலோடுதான் வரும். விறகு அடுப்பில் சமைக்கிறவர்களும் இதைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

மாங்குளம்: முப்பது வருடமாகத் தைக்கிறேன் பிள்ளை. போர்வைக்கு ஓரம் அடிக்கத் தேவையில்லை என்று போன கிழமை சொன்னீர்களாம். ஓவர்லொக் மெசினில் ஓரம் அடிக்காத உடுப்பு உடுப்பா?

அண்ணை, கொட்டன் துணி நெய்தது, ஓரத்தில் நூல் கழன்று வரும். இது பின்னியது; பின்னிய பிறகு கம்பிப் பல்லால் வாரி மயிர் எடுத்தது. வெட்டிய ஓரத்தில் நூல் கழன்று வராது.

மாங்குளம்: வாடிக்கையாளர் அதை அரைவேலை என்றுதான் சொல்லுவார்.

செட்டிகுளம்: நான் ஓவர்லொக் அடித்துத்தான் ஓரம் அலை அலையாகப் போனது. அக்கா சொல்வது சரி.

அலை வருவது மெசின் துணியை இழுப்பதால். துணியை நகர்த்துகிற முன்பல், பின்பல் வேகத்தைத் தனித்தனியாக மாற்றக்கூடிய மெசின் என்றால் வராது. அண்ணையிடம் அது இருக்கும். என் மகளுக்கு வெட்டிய போர்வையை ஆறு வருடமாகத் தோய்க்கிறேன், ஓரம் கத்தரி போன இடத்திலேயே நிற்கிறது. வடிவுக்கு வேண்டுமென்றால் கையால் கம்பளித் தையல் போடுங்கள். ஆனால் கைமுனை, கழுத்து என்று இழுபடுகிற இடங்களில் அண்ணை பக்கம்தான் நியாயம். அங்கே இழுபட்டுத் திரும்புகிற ரிப் பின்னல் பட்டி வைத்தே தீர வேண்டும்.

அக்கராயன்: எப்படித் தோய்ப்பது?

உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில். எங்கள் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம். சவர்க்காரக் கட்டி நுரைக்காமல் மயிரில் வெள்ளையாகப் படியும், தூள் போடுங்கள். துணி மெதுவாக்கும் திரவம் வேண்டாம், மயிர் ஒட்டிக்கொள்ளும். நிழலில் காயவிடுங்கள்.

விசுவமடு: அயன் சூட்டைக் குறைத்து வைத்தால்?

மல்லாவிக்குச் சொன்ன பதில்தான்.

புதுக்குடியிருப்பு: கைக்குழந்தை இரவு போர்த்திப் படுக்க?

வேண்டாம். ஒரு வயதுக்குள் படுக்கையில் தளர்ந்த போர்வை எதுவுமே கூடாது. குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

நெடுங்கேணி: மேலே துணி போட்டு அயன்...

இல்லை. துணி போட்டாலும் இல்லை.

மாங்குளம்: ஒரு துண்டை ஓரம் அடிக்காமல் தோய்த்துப் பார்க்கிறேன்.

இரண்டு துண்டு வெட்டுங்கள் அண்ணை, ஒன்றுக்கு ஓவர்லொக் அடித்து, மற்றதை அப்படியே விட்டு. பத்துத் தடவை தோய்த்துவிட்டு இரண்டையும் கடைக்குக் கொண்டு வாருங்கள்.