ஓடைக்கு யார் ரசீது போட்டது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர்: நீலகிரியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, வனச்சரகராக ஓய்வுபெற்றவர்.

கேள்வி: 5 ஏக்கரில் மரம் நட்டால் கார்பன் கிரெடிட் மூலம் ஆண்டுதோறும் பணம் வரும் என்று ஒருவர் ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறார். நம்பலாமா?
– ஒரு விவசாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஐயா, மரம் காற்றிலிருந்து எடுக்கும் கார்பன் டை ஆக்சைடை டன் கணக்கில் விற்பதுதான் கார்பன் கிரெடிட். கையெழுத்துக்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வயது மரம் ஒன்று, காய்ந்த எடை 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழப் பாதி, 50 கிலோ, கரிமம் (கார்பன்). ஒரு கிலோ கரிமம் சேர மரம் காற்றிலிருந்து 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு எடுத்திருக்கும். ஆக மரத்துக்கு 183 கிலோ. ஏக்கருக்கு 400 வீதம் 2,000 மரமும் பிழைத்தால் 366 டன். டன்னுக்கு 500 ரூபாய் கிடைப்பதாகவே வைத்தாலும் பத்து ஆண்டுக்கும் சேர்த்து 1,83,000 ரூபாய்தான். ஏக்கருக்கு ஆண்டுக்கு 3,660. அதில் அளப்பவர், சரிபார்ப்பவர், தரகர் என்று ஆளாளுக்கு எடுத்தது போக மிச்சம் உங்களுக்கு.

சவுக்கு நட்டால் நான்காம் ஆண்டு வெட்டிக் கடனை அடைக்கலாம். கார்பனுக்கு விற்ற மரத்தை அப்படி வெட்ட முடியாது. அது நிற்பதற்குத்தானே காசு கொடுக்கிறார்கள்! எத்தனை ஆண்டு நிற்க வேண்டும் என்று கேளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்ததே, அப்படி நேர்ந்தால் நட்டம் யாருடையது என்று ஒப்பந்தத்தில் தமிழில் எழுதியிருக்கிறதா பாருங்கள். வரப்போரம் வேம்பு வைக்க இந்த ஒப்பந்தம் தேவையில்லை.

கேள்வி: தமிழக அரசு 33 சதவீதம் பசுமைப் பரப்பு வேண்டும் என்கிறது. நீலகிரியிலோ புல்வெளியை மீட்பதாகச் சொல்லி, வெளிநாட்டு மரமான சீகையை (வாட்டில்) வெட்டுகிறார்கள். மரம் வெட்டினால் வெப்பம் கூடாதா?
– கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்கு நான் சாட்சியும் குற்றவாளியும். 1981இல் வனக்காப்பாளராகச் சேர்ந்த புதிதில் நானே சீகை நாற்றைத் தலையில் சுமந்து புல்வெளியில் நட்டவன். வெறும் புல்தானே, சும்மா கிடக்கிறதே என்று நினைத்த காலம் அது. சீகைப்பட்டை தோல் பதனிடப் போனது. கற்பூர மரம் (யூகலிப்டஸ்) செயற்கைப் பட்டு நூல் செய்யப் போனது. வெட்டுக்கு விடும் மரப்பகுதியான கூப்பின் ஏலத்துக்கு ரசீது உண்டு, பட்டைக்கு எடைச்சீட்டு உண்டு. புல்வெளியிலிருந்து கசிந்து வந்த ஓடைக்கு யாரும் ரசீது போடவில்லை.

ஆனால் அளந்தவர்கள் இருந்தார்கள். கிளன்மார்கன் பக்கத்தில் உதகை மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். 1972இல் ஒன்றில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதைப் புல்லும் சோலைக்காடுமாக அப்படியே விட்டார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பக்கம் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டைகள் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு ஏறத்தாழ 25 சதவீதம்.

கிளன்மார்கனில்தான் பைக்காரா நீர் குழாய்க்குள் இறங்குகிறது. 900 மீட்டருக்கும் மேல் விழுந்து சிங்காராவில் மின்சாரம் ஆகிறது. அந்த உயரத்துக்கு 1,000 லிட்டர் இறங்கினால் சுமார் 2 யூனிட். அதே நீர் மாயாறு மின்நிலையத்தில் இன்னொரு முறை வேலை செய்துவிட்டு பவானிசாகருக்குப் போகிறது. அங்கிருந்து, மேலே கேள்வி கேட்ட கோபி ஐயாவின் ஊர் வாய்க்காலுக்கு. ஓடை வற்றினால் அந்த யூனிட்டை நிலக்கரியில்தான் எடுத்தாக வேண்டும். யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. மரம் குடித்த கரிமத்தைக் கணக்கில் எழுதுகிறவர்கள், அது குடித்த தண்ணீரையும் பக்கத்துப் பத்தியில் எழுத வேண்டாமா? புல்வெளியும் கரிமத்தைச் சேர்க்கிறது. ஆனால் குளிர்ந்த கறுப்பு மண்ணுக்கு அடியில் வைத்திருப்பதால் செயற்கைக்கோள் படத்தில் தெரியாது.

படம் என்றதும் இன்னொன்று. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேரில் 10 சதவீத மர நிழல் இருந்தால் அது வனப் பரப்பு. எந்த மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி இல்லை. தென்னந்தோப்பும் சேரும், தோடர் எருமை மேய்ந்த புல்வெளி சேராது. 15ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்கு வரிப்பணம் பிரித்தபோது 100க்கு 10 பங்கை அடர்காட்டை வைத்துத்தான் கொடுத்தது. அடர்ந்த சீகைக் காட்டை நீக்கிப் புல்லை மீட்கும் மாநிலம் தன் மதிப்பெண்ணைத் தானே அழித்துக்கொள்கிறது. இந்த ஓட்டையை யாராவது அடைக்க வேண்டும்.

அதற்காகச் சீகை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்கச் சொல்லமாட்டேன். சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் கீரைப்பாத்தி போல முளைக்கும். புல்வெளி ஓரத்தில் பரவும் இளஞ்சீகையை முதலில் பிடுங்க வேண்டும், அதுவும் ஆண்டுதோறும். கிழட்டுச் சீகையின் அடியில் சோலைக் கன்றுகள் வந்திருந்தால் அங்கே கோடரியோடு போகாதீர்கள்.

கேள்வி: காட்டை அழித்துத் திட்டம் கொண்டுவருகிறவர்கள் பணம் கட்டிவிடுகிறார்களாமே, என்ன விலை?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: உங்கள் ஊரில் தொடங்கிய கதையை என்னிடம் கேட்கிறீர்கள்! கூடலூர்ப் பகுதிக் காடு வெட்டப்படுவதை எதிர்த்து கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 உத்தரவு நாடு முழுவதும் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. அந்த வழக்கிலிருந்து கிளைத்ததுதான் இந்த 'நிகர நிகழ்கால மதிப்பு', அதாவது எடுத்துக்கொள்ளும் காட்டுக்காகக் கட்டும் தொகை. 2008இல் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் வரை வைத்தார்கள். 2022இல் உயர்த்தியபோது மேல்விலை 16 லட்சத்தை ஒட்டி வந்தது. சரணாலயம் என்றால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்கா என்றால் பத்து மடங்கு.

லட்சம் என்றதும் மலைக்காதீர்கள். ஒரு ஹெக்டேர் 247 சென்ட். சாதாரணக் காட்டின் மேல்விலையே சென்ட்டுக்கு 6,500 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. கூடலூரில் அந்த விலைக்கு ஒரு சென்ட் மனை விசாரித்துப் பாருங்கள், தரகர் உங்களை நலம் விசாரிப்பார்.

வசூலான பணத்தில் 47,000 கோடிக்கு மேல் 2019இல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பதிலுக்கு நடும் மரம் பழைய காடு ஆகுமா என்பது வேறு கதை. ஓரிடத்தில், பெயர் வேண்டாம், பிழைத்த கன்றுகளை எண்ணப் போனபோது நட்டுவைத்த அடையாளக் குச்சியையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். குச்சிகள் நூற்றுக்கு நூறு பிழைத்திருந்தன.

கேள்வி: உங்கள் வீட்டில் என்ன மரம் வைத்திருக்கிறீர்கள்?
– இல்லத்தரசி, மேட்டுப்பாளையம்

பதில்: வேலியோரம் ஒரு சீகை. நான் வைத்ததில்லை, தானாக வந்தது. அதன் அடியில் காட்டுநாவல் கன்று ஒன்று இடுப்பளவு வந்திருக்கிறது. தோளுயரம் வரட்டும் என்று காத்திருக்கிறேன். அரிவாள் தீட்டியாகிவிட்டது.