அரசு கான்ட்ராக்ட் எடுப்பவர் தொழிலை விடாமல் எம்.எல்.ஏ. ஆகலாமா?

தொழிலை விட வேண்டியதில்லை, மாநில அரசு கான்ட்ராக்டை விட வேண்டும். மில், ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் எதுவும் பதவிக்குத் தடை இல்லை. சிக்கல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 9ஏ பிரிவில்தான். மாநில அரசுக்குச் சரக்கு கொடுக்கவோ, அதன் வேலையைச் செய்யவோ போட்ட ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை தகுதி கிடையாது. ரயில்வே வேலை மத்திய அரசுடையது என்பதால் எம்.எல்.ஏ.வுக்கு அது தடையாகாது.

பில் பாக்கியை நினைத்துப் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். உங்கள் பக்க வேலை முழுக்க முடிந்து, அரசு பணம் தருவது மட்டுமே பாக்கி என்றால் ஒப்பந்தம் இல்லை என்றே சட்டம் கொள்ளும். உண்மையான ஆபத்து சாலை வேலைகளில் வரும் பராமரிப்புக் காலம். பணம் வந்துவிட்டாலும், குழி விழுந்தால் அடைக்கும் பொறுப்பு உங்களிடம் இருக்கும்வரை "முழுக்க முடித்தாயிற்று" என்று வாதாடுவது கடினம். மனு தாக்கலுக்கு முன்பே பணிநிறைவுச் சான்று வாங்கிவிடுங்கள். முடியாத வேலை இருந்தால், உங்களை விடுவித்ததாகத் துறையிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பார்ட்னர்ஷிப்பிலிருந்து விலகிவிட்டேன் என்று பத்திரம் எழுதினால் மட்டும் போதாது. அரசுக்கு பீடி சப்ளை செய்த ஒரு நிறுவனத்தின் பங்குதாரர் ஜசானி அப்படித்தான் சொன்னார். அரசு அவரை விடுவிக்கவில்லை என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அன்றைய சட்டம் இன்றையதைவிட அகலமானது என்றாலும் பாடம் பழசாகவில்லை. மனைவி பெயருக்கு மாற்றினாலும், வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26-இல் காட்டியாக வேண்டும். மறைத்தால் அதே சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஜெயித்த பிறகு இப்படித் தகுதி இழந்ததாகப் புகார் வந்தால் ஆளுநர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு, அதன்படியே முடிவெடுக்க வேண்டும். உத்தரப் பிரதேசம் ரஸ்ரா தொகுதியில் 2012-இல் வென்ற உமாசங்கர் சிங் சாலை கான்ட்ராக்டுகளால் இப்படித்தான் சிக்கினார். 2015-இல் ஆளுநர் தகுதிநீக்கம் செய்தார். ஒப்பந்தம் உள்ளவரைதான் தடை என்பதால் 2017, 2022 தேர்தல்களில் அதே தொகுதியில் மறுபடி ஜெயித்தார்.

இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை குவாரி. சுரங்கக் குத்தகை சரக்கு வழங்கும் ஒப்பந்தம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லிவிட்டது. ஜார்க்கண்டில் ஹேமந்த் சோரன் முதல்வராக இருந்தபோதே 88 சென்ட் கல்குவாரி குத்தகை பெற்றது 2022-இல் பெரிய சர்ச்சையானபோது, அவர் தரப்புக்குக் கைகொடுத்த வாதம் இதுதான்.