18 வயது ஆவதற்குள் மகனைச் சேர்த்துவிட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது 8 மாதம். பிளஸ் 2. நான்கு மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. இரவெல்லாம் விழித்திருக்கிறான், பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் குறைந்துவிட்டது. டாக்டரைப் பார்க்கலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்துகிறான். தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார். ஒரு சிகிச்சை மையத்திலிருந்து நான்கு ஆட்கள் வந்து கூட்டிப்போவார்கள், மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்கிறார். 18 முடிந்துவிட்டால் பெற்றோர் கையெழுத்து செல்லாது, அதற்குள் முடித்துவிடுங்கள் என்றும் அவசரப்படுத்துகிறார். பிள்ளையைக் கட்டாயப்படுத்திச் சிகிச்சைக்கு அனுப்பப் பெற்றோருக்கு உரிமை உண்டா?

பதில்: உரிமை உண்டு அம்மா. 18 வயது முடியும்வரை அவனுடைய சிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியது சட்டப்படியான காப்பாளர், அதாவது நீங்களும் உங்கள் கணவரும்தான். ஆனால் அந்த ஆள் சொல்கிற வழிக்கு அந்த உரிமை நீளாது. அவருக்குத் தயவுசெய்து முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 நிறைவடையாத ஒருவரை மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ப்பது எப்படி என்பதை இதன் 87வது பிரிவு சொல்கிறது. பெற்றோர் எழுதிக் கொடுப்பது அதில் முதல் படி மட்டும்தான். அதற்கப்புறம் இரண்டு பேர் அவனைத் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பரிசோதனை சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ நடந்திருக்க வேண்டும். சேர்த்தே ஆக வேண்டிய அளவுக்கு நோய் கடுமையானது, வீட்டில் வைத்துப் பார்க்கும் வழிகள் பலிக்கவில்லை அல்லது பொருந்தாது என்று இருவரும் முடிவுக்கு வர வேண்டும். பையனுடைய விருப்பம் என்ன என்பதையும் கேட்டுக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகனை இதுவரை எந்த மருத்துவரும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அப்படியிருக்க மூன்று மாதம் உள்ளே இருக்க வேண்டும் என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? இது மனச்சோர்வாக இருக்கலாம், பதற்றமாக இருக்கலாம், வேறு ஏதாவதின் தொடக்கமாகவும் இருக்கலாம். பள்ளியில் நடந்த, உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம்கூடக் காரணமாக இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

இந்தத் தரகர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே கதையைப் பல பெற்றோர் வாயால் கேட்டுவிட்டேன். விடியற்காலையில் ஒரு வேன் வரும். தூக்கத்தில் இருக்கும் பையனின் கையையும் காலையும் பிடித்து ஏற்றுவார்கள். செல்போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். பெற்றோரிடம், "முதல் 40 நாள் வந்து பார்க்காதீர்கள், பார்த்தால் மனசு மாறிவிடும்" என்பார்கள். சேர்த்துவிட்டதற்குக் கமிஷன் அந்த ஆளுக்குப் போய்விடும். திரும்பி வரும் பிள்ளை சரியாகி வருவதில்லை, பயந்து வருகிறான். அப்புறம் எந்த டாக்டர் பெயரைச் சொன்னாலும் அவனுக்கு அந்த வேன்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பயத்தைப் போக்குவதற்கே மருத்துவர்களான எங்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

நல்ல இடமா, ஏமாற்று இடமா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "என் மகனோடு நான் தங்கலாமா?" 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைச் சேர்த்தால், பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் ஒருவரோ சேர்த்த நாள் முதல் டிஸ்சார்ஜ் வரை கூடவே இருந்தாக வேண்டும் என்று அதே 87வது பிரிவு சொல்கிறது. இது மருத்துவமனை போனால் போகிறது என்று கொடுக்கிற அனுமதி இல்லை, கட்டாயம். ஆகவே பெற்றோர் வரக்கூடாது என்று சொல்கிற இடம் வாசலிலேயே சட்டத்தை மீறுகிறது. நீங்கள் டிஸ்சார்ஜ் கேட்டால் அவனை அனுப்பிவிடவும் வேண்டும். "மூன்று மாதப் பேக்கேஜ், நடுவில் விட முடியாது" என்பதெல்லாம் செல்லாது. மனநல மருத்துவமனையாகப் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலியால் கட்டுவதற்கு முழுத் தடை இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து 28 பேர் கருகியது நமக்கெல்லாம் தெரியும். பலர் சங்கிலியில் இருந்ததால் ஓடக்கூட முடியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் பிள்ளையைக் கட்டித் தூக்கிப்போக ஆள் கிடைக்கிறது என்றால், அதைக் கேட்பதற்கு யாருமே இல்லையா?

எனக்குக் கோபம் வருகிற இன்னொரு இடமும் இதுதான். சிறுவர்களைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக்கூடாது, தனி இடம் வேண்டும் என்கிறது சட்டம். நியாயமான விதி. ஆனால் வளரிளம் பருவத்தினருக்கென்று தனி மனநல வார்டு உள்ள ஊர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சேர்த்த 72 மணி நேரத்துக்குள் இப்படிச் சேர்ப்பதைச் சரிபார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த வாரியங்களை அமைக்கவே பல மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. விதியை எழுதிவிட்டு இடத்தையும் ஆளையும் கொடுக்காமல் விட்டால், அந்த இடைவெளியில்தான் தரகர் வந்து உட்காருகிறார்.

சரி, அந்த 18 வயது பயமுறுத்தலுக்கு வருவோம். உங்களை அவசரப்படுத்துவதே அதுதான் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். 18 முடிந்ததும் அவன் சம்மதம்தான் முதலில் என்பது உண்மை. உள்நோயாளியாக இருக்கும்போதே பிறந்தநாள் வந்தால், அன்று முதல் அவன் தானாக வந்து சேர்ந்த நோயாளியாகக் கருதப்படுவான், வீட்டுக்குப் போகிறேன் என்று அவனே கேட்கலாம். ஆகவே நான்கு மாதம் இருக்கும்போது அவசரமாகச் சேர்ப்பதால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. 18க்குப் பிறகு கதவு அடைபட்டுவிடும் என்பது பொய். தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறான், பிறரைத் தாக்குகிறான், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தான நிலையில் இருக்கிறான் என்றால், வயது வந்தவரையும் 89வது பிரிவின்கீழ் சேர்க்கலாம். அப்போதும் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். முதலில் அதிகபட்சம் 30 நாள். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் அவனுடைய பிரதிநிதி. அவன் வேறு யாரையும் எழுதி வைக்காவிட்டால் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் உறவினரான உங்களிடம்தான் வரும். அதாவது பிறந்தநாளுக்கு மறுநாளும் நீங்கள் அவனுக்கு அம்மாதான், சட்டத்தின் கண்ணிலும். அந்தத் தேதியைக் காலண்டரில் பார்த்துப் பதறாதீர்கள்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். "ஆளைக் கூட்டிவர வேண்டாம், இந்தச் சொட்டு மருந்தைக் காபியில் கலந்து கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பார்க்காத நோயாளிக்கு மருந்து கிடையாது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் இளவயதினரிடம் முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும். அதனால்தான் அந்த வாரங்களில் அடிக்கடி பேசிப் பார்க்கிறோம். மருந்து சாப்பிடுவதே தெரியாத பையன் அதை யாரிடம் போய்ச் சொல்வான்?

அப்படியானால் என்ன செய்வது? முதல் முறை நீங்கள் மட்டும் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, வெறும் ஓபி சீட்டுதான். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, எடை குறைந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போக முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, பேசுங்கள், அது இலவசம்.

மகனிடம் பொய் சொல்லிக் கூட்டிவராதீர்கள். கல்யாணத்துக்கு என்று சொல்லி மருத்துவமனை வாசலில் இறக்கிவிடப்பட்ட பையன் எங்களிடம் ஒரு வார்த்தை பேச மாட்டான். "உனக்குப் பைத்தியம் என்று நான் சொல்லவில்லை. நான்கு மாதமாக நீ தூங்கவில்லை, அதற்கு மட்டும் ஒருமுறை காட்டுவோம். எந்த டாக்டர், எந்த நாள் என்று நீயே சொல்" என்று கேளுங்கள். ஒருமுறை மறுத்தால் ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். வந்தால் டாக்டர் அவனோடு தனியாகப் பேசுவார், நீங்கள் வெளியே உட்கார வேண்டும். என்ன சொன்னான் என்று வண்டியில் விசாரணை வேண்டாம். வாயைத் திறக்க வைக்கிற கையெழுத்து எந்தச் சட்டத்திலும் இல்லை.

செத்துப்போகிறேன் என்று சொன்னாலோ, கையைக் கீறியிருந்தாலோ, இரண்டு நாள் சோறு தண்ணீர் தொடாவிட்டாலோ மட்டும் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோங்கள், 108க்கு அழைத்தால் வண்டி வரும். அவசரச் சிகிச்சையை எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் தொடங்கலாம், மனநல மருத்துவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே மனநலச் சட்டத்தின் 115வது பிரிவு சொல்கிறது. எப்படியிருந்தாலும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் இன்றைக்கே பூட்டி வையுங்கள். அறையின் உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, ஏன் கழற்றினீர்கள் என்பதையும் அவனிடமே சொல்லிவிடுங்கள்.