தம்பி கோல்கீப்பர் ஆகணுங்கிறான்: தேவகோட்டை ஆச்சிக்கு ஒரு பதில்

ஆச்சி, நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் முழுசா கேட்டேன். டென்த்துல 400-க்கு மேல வாங்குன புள்ள, எந்த குரூப் எடுக்கலாம்னு கேட்டா நான் கோல்கீப்பர் ஆகப்போறேன் எந்த குரூப்பா இருந்தா என்னங்கிறான், அவுக அப்பச்சி, அதான் அப்பா, ஒரு வாரமா அவன்கிட்ட பேசறதில்ல, நீங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து தவிக்கிறீங்க. புரியுது ஆச்சி.

நீங்க கேட்ட கேள்வி, "இவன் இந்தியா டீமுக்கு ஆடுவானா?" அது யாருக்கும் தெரியாது. நான் கேக்குற கேள்வி வேற, இந்தியா டீமுக்கு ஆடலன்னாலும் இவன் வாழ்க்கை நல்லா ஓடுமா? அதுக்கு பதில் ஓடும், ஆனா காத்திருக்கிற வருசங்கள என்ன பண்றாங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

ஏன்னா இந்த இடம் மத்த இடம் மாதிரி இல்ல. ஒரு டீம்ல டிஃபென்டர் நாலு பேர் ஆடுவாங்க, ஒருத்தனுக்கு அடிபட்டா இன்னொருத்தன் உள்ள போவான். கோல்கீப்பர் ஒருத்தன்தான். பெரும்பாலான டீம்ல மூணு கீப்பர் வச்சிருப்பாங்க, மத்த ரெண்டு பேரும் தினமும் அதே பயிற்சி எடுத்துட்டு பெஞ்சுல உக்காந்திருக்கணும், மொதலாளுக்கு அடிபடணும் இல்ல பெருசா தப்பு பண்ணணும், அப்பத்தான் இவனுக்கு வாய்ப்பு. நம்ம பக்கம் அந்தக் காலத்துல வட்டிக்கடைல பெட்டியடிப் பையனா, அதான் எடுபிடியா, ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பல் ஏறி, அடுத்தாளா வருசக்கணக்கா இருந்து, அப்புறம் மேலாளா ஆனவுக கதை உங்க வீட்லயே இருக்கும்ல, அந்த மாதிரி பொழப்புதான் இதுவும். அப்பச்சிக்கு இத இப்படிச் சொல்லிப் பாருங்க, சட்டுனு புரியும்.

அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் 2022 உலகக்கோப்பைய ஜெயிச்சத தம்பி பாத்திருப்பான். ஆனா அவரு 2010-ல இங்கிலாந்துல ஆர்சனல் கிளப்புக்கு வந்து 2020 வரைக்கும் அந்த கிளப்லயே நிரந்தர இடமில்லாம ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு வென்ஸ்டே, ராதர்ஹாம், ரீடிங்னு லோன்ல, அதாவது வேற கிளப்புக்கு தற்காலிகமா ஆட அனுப்பி, ஊர் ஊரா அலைஞ்சவரு. அங்க கீழ் டிவிசன்கள்ல அவசரத்துக்கு ஏழு நாளைக்கு மட்டும் கீப்பர லோன்ல எடுத்துக்கிற விதியே இருக்கு, ஒரு வாரம் ஒரு ஊரு, அடுத்த வாரம் எந்த ஊருன்னு தெரியாது. லுட்ஸ் ஃபான்னென்ஸ்டீல்னு ஒரு ஜெர்மன்காரர், ஃபிஃபாவோட ஆறு கண்டத்து அமைப்புலயும் ப்ரொஃபஷனலா ஆடுன மொத ஆளு, 25 கிளப்புக்கு மேல மாறினவரு. அவரப் பெரிய ஸ்டார்னு யாரும் சொல்லமாட்டாங்க, ஆனா வாழ்நாள் முழுக்க ஃபுட்பால்லயே சம்பாதிச்சாரு. தம்பி ஆசைப்படுறது மார்டினெஸ் மாதிரி, வாய்ப்பு அதிகம் இருக்கிறது மார்டினெஸோட அந்த பத்து வருசம் மாதிரி. ரெண்டயும் சேத்து அவன் தெரிஞ்சுக்கணும்.

நல்ல பக்கமும் இருக்கு ஆச்சி. கீப்பருக்கு ஆயுசு ஜாஸ்தி. இங்கிலாந்து கீப்பர் பீட்டர் ஷில்டன் 1996 டிசம்பர்ல லெய்ட்டன் ஓரியன்ட்ங்கிற சின்ன கிளப்புக்காக தன்னோட 1000-வது லீக் மேட்ச் ஆடுறப்ப வயசு 47. நம்ம நாட்டு பெரிய ஃபுட்பால் லீக்கான ஐஎஸ்எல்-லயும் வெளிநாட்டுக்காரங்களுக்கு உள்ள இடத்த ஃபார்வர்டு, மிட்ஃபீல்டுன்னுதான் செலவு பண்றாங்க, கீப்பர் இடம் பெரும்பாலும் நம்ம நாட்டுப் பசங்களுக்குத்தான் கெடைக்குது.

ஆனா கிளப்ப மட்டும் நம்பிடக்கூடாது. கோயம்புத்தூர்ல ஆடிட்டிருந்த சென்னை சிட்டி கிளப் 2018-19-ல ஐ-லீக்ங்கிற தேசிய லீக்ல சாம்பியன், 2020-21 சீசனுக்கு அப்புறம் அந்த லீக்லயே இல்லாமப் போயிட்டாங்க. கப்பு ஜெயிச்ச கிளப்புக்கே அந்த நெலமன்னா கீழ இருக்கிற கிளப்ப யோசிச்சுக்கங்க, கான்ட்ராக்ட் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான், சீசன் முடிஞ்சா சம்பளமும் முடிஞ்சுது. அதனாலதான் சென்னை லீக்ல ஆடுற சதர்ன் ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் பேங்க் மாதிரி டீம்களுக்கு இன்னும் மரியாதை, ஆட்டம் முடிஞ்சாலும் வேல கையில இருக்கும். முன்ன மாதிரி அள்ளி எடுக்கிறதில்ல, ஆனா ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பு வந்துட்டுதான் இருக்கு, தமிழ்நாட்டு அரசு வேலையிலயும் விளையாட்டுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு.

இங்கதான் நெறைய வீட்ல ஏமாந்து போறாங்க. வீட்டு அலமாரில முப்பது கப்பு, ஷீல்டு இருக்கும், கோட்டாவுக்குப் போனா ஒண்ணுகூட செல்லாது. ஊர்த் திருவிழா டோர்னமென்ட், கேரளாவுல நெல்லு அறுத்த வயல்ல லைட்டு போட்டு, டீமுக்கு ஏழு பேரா ஆடுற செவன்ஸ், இதெல்லாம் கைக்கு காசு தரும், கோட்டாவுக்கு உதவாது, அதுலயும் செவன்ஸ்ல அடிபட்டா பெரும்பாலும் நம்ம காசுலதான் வைத்தியம். மாவட்டம், மாநிலம், பள்ளிகள் தேசியப் போட்டி, யுனிவர்சிட்டிகளுக்கு இடையில நடக்கிறது, இந்த சர்டிஃபிகேட்தான் பேசும். தம்பி எந்த டோர்னமென்ட் ஆடினாலும் யாரு நடத்துறாங்கன்னு கேட்டுட்டு அனுப்புங்க.

குரூப் எதுவேணா எடுக்கட்டும், ப்ளஸ் டூ முடிக்கணும், அதுல விட்டுக்கொடுக்காதீங்க. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட (எஸ்டிஏடி) விளையாட்டு விடுதிக்கு லெவன்த்துல சேக்கிறாங்க, செலக்சனுக்கு போகட்டும். கெடைக்கலன்னா நல்ல ஃபுட்பால் டீம் இருக்கிற காலேஜ்ல பி.காம் படிச்சுட்டே யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடலாம். காரைக்குடியிலயே அழகப்பா யுனிவர்சிட்டி உடற்கல்விக் கல்லூரி இருக்கு, டிகிரிக்கு அப்புறம் ரெண்டு வருசம் பி.பி.எட்.ங்கிற உடற்கல்வி ஆசிரியர் படிப்பு. அது கூடவே அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தோட (ஏஐஎஃப்எஃப்) கோச்சிங் லைசன்ஸ அடிப்படைல ஆரம்பிச்சு எடுக்கட்டும், கோல்கீப்பிங் கோச்சுக்கு தனி கோர்ஸும் இருக்கு. ஃபுட்பால் கோச் எல்லா ஊர்லயும் இருக்காங்க, கீப்பருக்குன்னு சொல்லித்தர்ற ஆளத் தேடி அலையணும், அதனால பெஞ்சுல இருக்கிற வருசத்துலயே இத முடிச்சுட்டான்னா அந்தக் காலம் வீணாப் போகாது.

இப்பவே கவனிக்க ரெண்டு விசயம். நம்ம ஊர் செம்மண் கிரவுண்டுல சரளை மேல டைவ் அடிச்சு இடுப்பும் முழங்கையும் தோலு உரிஞ்சிருக்கும், நீங்க பாத்திருப்பீங்க. உள்ள பேட் வச்ச ஷார்ட்ஸும் முழுக்கை ஜெர்சியும் வாங்கிக் குடுங்க. கிளவுஸ் ரெண்டு ஜோடி வேணும், பழசு பிராக்டிசுக்கு, நல்லது மேட்ச்சுக்கு. உள்ளங்கையில இருக்கிற லேட்டக்ஸ் வெயில்ல காஞ்சா வெடிச்சுப் போயிரும், வெறும் தண்ணில அலசி நெழல்ல போடச் சொல்லுங்க. இன்னொண்ணு கால். 1992-ல இருந்து நம்ம ஆளு கால்ல வேணும்னே தட்டிவிடுற பந்த கீப்பர் கையில எடுக்கக்கூடாது, அதனால ரெண்டு காலுலயும் பாஸ் போடத் தெரியாத கீப்பர இப்ப எந்த கோச்சும் எடுக்கமாட்டாரு. தம்பி எந்தக் கால்ல அடிக்கிறான்னு கேளுங்க, வலதுன்னு சொன்னா இடதுக்கு தனியா நேரம் ஒதுக்கச் சொல்லுங்க.

அப்பச்சிகிட்ட ஒரு கெடு பேசிக்கங்க. டிகிரி முடியுற வரைக்கும் ஆடட்டும், 21 வயசுக்குள்ள மாநில டீமோ யுனிவர்சிட்டி டீமோ வரலன்னா ஆட்டத்த நிறுத்த வேணாம், வருமானத்துக்கு வேற வழிய முன்னால வச்சுக்கட்டும். இத அவனையும் உக்கார வச்சு பேசுங்க ஆச்சி, அவன் இல்லாம முடிவெடுத்தா நிக்காது.

அப்புறம் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஸ்கூல் ரெக்கார்டு மூணுலயும் பிறந்த தேதியும் இனிஷியலும் ஒண்ணா இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. வயசு சந்தேகம்னா மணிக்கட்ட எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சிய பாக்குற பழக்கம் இருக்கு, பேப்பர்ல ஒரு எழுத்து மாறியிருந்தாலும் செலக்சன் அன்னைக்கு வாசல்லயே நிக்க வச்சிருவாங்க. தப்பு இருந்தா லெவன்த் அட்மிஷனுக்கு முன்னால திருத்திட்டு, அந்த ஃபைலோட தம்பியயும் கூட்டிட்டு வாங்க.