இளநிலைப் பட்டத்துக்கு நரம்பறிவியல் எடுத்தால் என்ன படிப்போம்?

மூளையும் நரம்புகளும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்வதுதான் நரம்பறிவியல். ஆனால் தொடக்கத்தில் வேதியியல், இயற்பியல், கணக்குதான் அதிகம் வரும். பலர் அங்கேயே சோர்ந்துபோவது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் சுவையே அதில்தான் இருக்கிறது.

நரம்பணுவை அணை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தேக்கிய நீர்போல, வெளியே சோடியம் அயனிகள் நிறைந்திருக்கும். ஓய்வில்கூட நரம்பணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் சுமார் -70 மில்லிவோல்ட் மின்னழுத்தம் இருக்கும். அந்தச் சவ்விலுள்ள மதகு திறந்ததும் சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல்தான் செய்தி. ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து, 1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு அறிவியலாளர்கள் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். நினைவு, தூக்கம், பயம் எல்லாம் இதன்மேல் கட்டப்படும் பாடங்கள்.

இந்தப் பட்டம் வாங்கினால் நரம்பு மருத்துவர் ஆகிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அதற்கு மருத்துவப் படிப்பைத் தனியாக முடிக்க வேண்டும்.