தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை 350 பவுண்டுக்கு வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயருக்கு வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது, கூட வேலை பார்ப்பவர்களோடு ஞாயிற்றுக்கிழமை, பறக்கவிடும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடப் போய் ஆசை பிடித்துவிட்டது, பக்கத்துப் பண்ணைக்காரர் தன் தாத்தாவின் பன்னிரண்டு போர் (குழலின் உள்ளளவைச் சொல்லும் பெயர்) இரட்டைக்குழலை 350 பவுண்டுக்குத் தருகிறேன் என்கிறார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமல் வாங்க முடியுமா, வாங்கினால் எதைப் பார்ப்பது?

வாங்க முடியும். பாஸ்போர்ட் ஒரு தடையில்லை. ஆனால் வரிசை மாறக்கூடாது: முதலில் உங்கள் ஊர் போலீஸ் தரும் ஷாட்கன் சர்டிபிகேட் (ரவைத் துப்பாக்கி வைத்திருக்க உரிமம்), அப்புறம்தான் துப்பாக்கி. "சும்மா வீட்டில் வைத்திருங்கள், பேப்பரை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் நல்ல மனதோடு சொன்னாலும் வேண்டாம். சர்டிபிகேட் இல்லாமல் ஒரு ராத்திரி வைத்திருந்தாலும் 1968-ஆம் வருஷத் துப்பாக்கிச் சட்டப்படி குற்றம், விசாவில் இருப்பவருக்கு அது அபராதத்தோடு முடியும் விஷயமும் இல்லை. இதுவரை உங்களிடம் யாரும் எதுவும் கேட்காததற்குக் காரணம், அனுமதி பெற்ற களத்தில் தட்டு சுடுவதற்கு மட்டும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு களத்து வாசலோடு சரி.

விண்ணப்பத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. உங்களைத் தெரிந்தவர்கள் நற்சான்று தர வேண்டும், டாக்டரிடமிருந்து மருத்துவ விவரம் போக வேண்டும், பிறகு போலீஸ் தரப்பிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். நீங்கள் வந்து கொஞ்ச காலமே ஆனதால் ஊரிலிருந்து காவல்துறைச் சான்று கேட்டாலும் கேட்பார்கள், அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் இழுக்கும். கிடைத்தால் ஐந்து வருஷம் செல்லும். வாடகை வீடு என்றால் இரும்பு அலமாரியைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்க வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வரும் அதிகாரி முக்கியமாகக் கேட்பது சாவியைப் பற்றி. சர்டிபிகேட் இல்லாத யார் கைக்கும் அது எட்டக்கூடாது, மனைவி உட்பட. நம் வீடுகளில் பீரோ சாவி, வண்டிச் சாவி, மாடிக் கதவுச் சாவி எல்லாம் ஒரே ஆணியில் தொங்கும், அந்தப் பழக்கத்தை இந்த ஒரு சாவிக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்போது துப்பாக்கி. 350 பவுண்டு என்றதும் ஏமாற்றுவேலையோ என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். இல்லை, இப்போதைய விலையே அப்படித்தான். தட்டு சுடுபவர்களில் பெரும்பாலோர், குழல்கள் இதுபோலப் பக்கம் பக்கமாக இல்லாமல் மேலும் கீழுமாக இருக்கும் துப்பாக்கிக்குப் போய்விட்டார்கள். தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவையை (சிறு குண்டுகளை) நிறுத்தும் முடிவையும் அரசு 2025-ல் அறிவித்துவிட்டது. எஃகு ரவை இந்த மெல்லிய பழைய குழல்களுக்கு, அதுவும் வாய்ப்பக்கம் இறுக்கமாகச் சோக் (குழல் முனையில் வைக்கும் ஒடுக்கம்) வைத்தவற்றுக்கு, ஒத்துவராது. பிஸ்மத் என்ற மெத்தென்ற உலோகத்தில் செய்த ரவை ஒத்துவரும், விலைதான் பயமுறுத்தும். அதனால் பர்மிங்காமில் கையால் செய்த நல்ல பாக்ஸ்லாக் (சுடும் பொறி பெட்டி போன்ற உடலுக்குள் இருக்கும் வகை) துப்பாக்கிகள்கூட மலிவாகக் கிடைக்கின்றன. மலிவாகக் கிடைப்பதில் பாதி, குழல் தேய்ந்து போனவை. எது எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பழைய துப்பாக்கியின் மதிப்பு முக்கால்வாசி குழலில்தான் இருக்கிறது. தோளில் வைக்கும் மரக்கட்டை உடைந்தால் வேறு கட்டை போடலாம், ஸ்பிரிங் போனால் செய்து தருவார்கள், பூவேலை மங்கினால் சுடுவதற்கு ஒன்றும் கெடாது. குழல் போனால் செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும். அதனால் முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்தை) கழற்றி, குழல்களைப் பிரித்து, அடிப்பக்கத்துத் தட்டைப் பகுதியைப் பாருங்கள். இங்கே விற்கும் எந்தத் துப்பாக்கியும் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில் (அல்லது இந்த நாடு ஏற்றுக்கொண்ட வெளிநாட்டுச் சாலையில்) அதிக அழுத்தத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை வாங்கியிருக்க வேண்டும். பர்மிங்காம் சாலை 1813-ல் சட்டம் போட்டு அமைத்தது. கிரீடத்துக்குக் கீழே என்.பி. என்ற எழுத்தோ, நைட்ரோ புரூஃப் என்ற சொல்லோ இருந்தால் இன்றைய புகையில்லா வெடிமருந்துக்குத் தேறியது என்று அர்த்தம். அது இல்லாமல் பழைய கருமருந்து (புகை வரும் வெடிமருந்து) முத்திரை மட்டும் இருந்தால், குறிப்பாகச் சுருள் சுருளாக வரி ஓடும் டமாஸ்கஸ் குழலாக இருந்தால், இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது.

சரி, முத்திரை இருக்கிறது. ஆனால் அது அன்றைய நிலைமை. தொண்ணூறு வருஷத்தில் துரு பிடித்திருக்கும், யாரோ உள்ளே தேய்த்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள், ஒவ்வொரு தேய்ப்பிலும் உள்விட்டம் பெரிதாகும், சுவர் மெலியும். பன்னிரண்டு போருக்கு உள்விட்டம் .729 அங்குலம். 1954-க்கு முந்தைய குழலில் வெறும் 12 என்று பொறித்திருந்து, பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் அளந்தால் .740 வந்துவிட்டது என்றால் அந்த முத்திரை செல்லாது. முத்திரை செல்லாத துப்பாக்கியை விற்பதே இங்கே குற்றம், பண்ணைக்காரருக்கு அது தெரியாமலேயே இருக்கலாம். அடுத்தது சுவரின் கனம். ஆயிரத்தில் ஒரு அங்குலத்தை இங்கே எல்லோரும் 'தௌ' என்பார்கள். எந்த இடத்திலும் 20 தௌவுக்குக் கீழே போயிருந்தால் வாங்காதீர்கள் என்பது தொழிலில் இருப்பவர்களின் வாய்மொழிக் கணக்கு. சட்டத்தில் அப்படி ஒரு எண் கிடையாது, அதனால் 16 தௌ உள்ள குழலும் முத்திரை சரியாக இருந்தால் சட்டப்படி கடைக்கு வரும். அப்புறம் ஒரு நெளிவு விழுந்தால் தட்டி எடுக்கக்கூடச் சதை இருக்காது. தோட்டா அறை இரண்டரை அங்குலமா, இரண்டேமுக்காலா என்பதும் அதே தட்டையில் பொறித்திருக்கும். இரண்டரை என்றால் 65 மில்லிமீட்டர் தோட்டா மட்டும். எழுபது மில்லிமீட்டர் தோட்டாவும் உள்ளே போகத்தான் செய்யும், ஆனால் சுடும்போது, விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. முதலில் இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், யார் கையில் கொடுத்தாலும் இதுதான் முதல் வேலை. அப்புறம் குழல்களைத் தனியே எடுத்து, அடியில் இருக்கும் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள். கோயில் மணி போல நீளமாக ஒலித்தால் இரண்டு குழலையும் இணைக்கும் பட்டை உறுதியாக இருக்கிறது. தொப்பென்றோ கரகரவென்றோ கேட்டால் எங்கோ ஈயப்பற்று விட்டிருக்கிறது, உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். ஒளி வளையங்கள் வட்டமாக வர வேண்டும். ஒரு இடத்தில் நிழல் உடைந்தால் நெளிவு, கருப்பு வளையம் முழுவதும் சுற்றிவந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது. வாய்ப்பக்கம் இரண்டு குழலும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி தெரிந்தால் யாரோ நறுக்கிக் குட்டையாக்கியிருக்கிறார்கள், சோக் போய்விட்டது.

திரும்பப் பூட்டுங்கள், முன்கட்டையை மட்டும் மாட்டாமல். கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு குழலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். 'டிக்' என்று ஒரு சின்ன ஆட்டம் தெரிந்தாலும் கீல் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய நல்ல ஆள் கேட்பது சில நூறு பவுண்டு. திருகுகளின் தலையையும் பாருங்கள். பழைய பர்மிங்காம் வேலையில் அந்த வெட்டு மயிரிழைதான் இருக்கும், அது சிதைந்து பல்லிளித்தால் கொட்டகையில் வைத்து யாரோ கைவைத்திருக்கிறார்கள். கட்டையில் இரும்பு சேரும் இடத்தில், மேல்வாலுக்கு (கட்டையின் மேல் பின்னோக்கி நீளும் இரும்புப் பட்டைக்கு) பின்னால், கோடு மாதிரி விரிசல் இருக்கிறதா என்று விரலை ஓட்டுங்கள். கண்ணை மூடித் தோளில் ஏற்றிக் கண்ணைத் திறந்தால் பார்வை நடுப்பட்டையின் மேல் ஓட வேண்டும். இந்தக் கட்டைகளை வலக்கைக்காரருக்கு வெளிப்பக்கம் லேசாக வளைத்துத்தான் செய்வார்கள். நீங்கள் இடக்கையாக இருந்தால் இத்தனை சோதனையும் வீண், வேறு பாருங்கள்.

மேலே எந்தக் கடையின் பேர் பொறித்திருக்கிறது என்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். சிற்றூர்க் கடைகள் பலவும் பர்மிங்காமில் செய்ய வைத்துத் தங்கள் பேரைப் போட்டுக்கொண்டன. ஏலங்களில் எப்போதாவது 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ் அண்ட் ரங்கூன்' என்று பொறித்தது வரும், மவுண்ட் ரோடு கடிகாரக் கடைதான். நமக்கு மனசு துள்ளும், ஆனால் அங்கேயும் குழலை அளந்துவிட்டுத்தான் கையைத் தூக்க வேண்டும். ஏலத்தில் விழுந்த விலைக்கு மேல் ஏலக்காரரின் கமிஷனும் அதற்கு வாட் வரியும் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் வழி சுலபம். பண்ணைக்காரரிடம் சர்டிபிகேட் இருக்கும், அவரையே பக்கத்தில் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள், நீங்கள் எடுத்துப் போக முடியாது. அளப்பதற்கான கூலியை நீங்கள் கொடுங்கள். இரண்டு குழலுக்கும் உள்விட்டம், சுவரின் மிகக் குறைந்த கனம், ஆக நான்கு எண்கள். கூடவே அறை நீளம், முத்திரையின் படம். அளக்கக் கொடுக்கப் பண்ணைக்காரர் தயங்கினால் அங்கேயே நன்றி சொல்லி விலகிவிடுங்கள். அளவு நன்றாக வந்தால் 350 நியாயமான விலை, பேரம்கூடப் பேச வேண்டாம். சர்டிபிகேட் வரும் வரை அது அவர் அலமாரியிலேயே இருக்கட்டும், முன்பணமாக ஐம்பது கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வந்த பிறகு நேருக்கு நேர் கைமாற வேண்டும், அவர் உங்கள் சர்டிபிகேட்டில் விவரம் எழுதித் தருவார், இருவரும் ஏழு நாளுக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். நான்கு எண்களும் வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.